மினி 3,500 சுற்றுக்கு மேல் ஏற மறுப்பது ஏன்?

தம்பி, உன் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தாத்தா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருந்தபோது வாங்கிய மினி 1000 காடி. ஆறு வருடம் கொட்டகையில் நின்றதை நீ மறுபடியும் ஓட்ட ஆரம்பித்திருக்கிறாய். ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலில் அழகாக நிற்கிறது, சுங்கை சிப்புட் கடைத்தெருவுக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. ஈப்போ சாலையில் ஏறி நன்றாக மிதித்தால் மட்டும் மூன்றாம் கியரில் மணிக்கு 40 மைல், நான்காம் கியரில் 55 மைல், அதற்கு மேல் வெட்டி வெட்டி இழுக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் ஏறவில்லை. பிளக், பிளக் வயர், காயில், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று, கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று, கடைசியாகப் பார்த்த போமன் (மெக்கானிக்) இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். இதுதானே?

இறக்காதே. நீ கொடுத்த அந்த இரண்டு எண்களிலேயே பாதி பதில் இருக்கிறது.

அந்தக் கால மினி 1000இல் சுற்றை, அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றுகிறது என்பதை, காட்டும் மீட்டர் கிடையாது, அதனால் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். டிஃபரன்ஷியலை (கியரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கடைசிப் பல்சக்கரம்) யாரும் மாற்றியிருக்காவிட்டால் அதன் விகிதம் 3.44, பத்து அங்குல டயரோடு நான்காம் கியரில் 1,000 சுற்றுக்கு 16 மைலுக்குக் கொஞ்சம் மேலே வரும். 55 மைல் என்றால் ஏறக்குறைய 3,400 சுற்று. மூன்றாம் கியர் விகிதம் 1.43, அதில் 40 மைல் என்றால் ஏறக்குறைய 3,500. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, பார்த்தாயா? தேய்ந்துபோய்ச் சக்தி இல்லாத இன்ஜின் இப்படி நடந்துகொள்ளாது. அது நான்காம் கியரில் திணறும், ஆனால் மூன்றாம் கியருக்கு மாற்றினால் சுமை குறைவதால் இன்னும் மேலே சுற்றும். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். எந்தக் கியரில் போட்டாலும் ஒரே சுற்றில் வந்து முட்டுகிறது என்றால் ஏதோ ஒன்று சுற்றின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது என்று அர்த்தம். இந்த 998 சிசி இன்ஜின் தன் முழு 38 குதிரைச் சக்தியைக் கொடுப்பதே 5,250 சுற்றில்தான். உன்னுடையது மூன்றில் இரண்டு பங்கு தூரத்திலேயே நின்றுவிடுகிறது.

அடுத்தது, எப்படி நிற்கிறது என்பது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை, நேராகச் சாமான் கடைக்குப் போய்விடுகிறார்கள். இன்ஜின் மேலே ஏறாமல் நிற்பதில் மூன்று விதம் உண்டு. ஒன்று, நன்றாக ஏறிக்கொண்டே வந்து நாலைந்து வினாடியில் மூச்சு வாங்கி அடங்குவது, காலை எடுத்துக் கொஞ்சம் விட்டால் மறுபடி ஏறுவது. அது பெட்ரோல் பற்றாக்குறை, கார்பரேட்டர் சட்டியில் இருந்ததைக் குடித்துத் தீர்த்துவிட்டு அடுத்தது வரக் காத்திருக்கிறது. இரண்டாவது, வெட்டும் இல்லை, இருமலும் இல்லை, சும்மா சோம்பலாக, ஈரத் துணியை இழுப்பதுபோல் கனத்துப்போய் ஏறாமல் இருப்பது. அது காற்று உள்ளே வராதது, புகை வெளியே போகாதது, அல்லது டைமிங், அதாவது பொறி விழும் நேரம், சுற்றுக்கு ஏற்ப முன்னேறாதது. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட சுற்றைத் தொட்டதும் சுவரில் மோதியதுபோல் வெட்டுவது, காலைக் கொஞ்சம் எடுத்ததும் உடனே சரியாகிவிடுவது. அது பெரும்பாலும் தீப்பொறி. நீ எழுதியிருப்பது 'வெட்டி வெட்டி' என்று. அந்த வார்த்தையை நான் நம்புகிறேன், ஆனாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

காடியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, இன்ஜின் சூடான பிறகு மெதுவாக ஆக்சிலேட்டரை ஏற்று. சுமை இல்லாமல் சும்மா சுற்றும்போது இன்ஜினுக்குக் கொஞ்சம் காற்றும் கொஞ்சம் பெட்ரோலும் போதும், அதனால் பெட்ரோல் குறைவாக வந்தாலும் சைலன்சர் பாதி அடைத்திருந்தாலும் நியூட்ரலில் அவ்வளவாகத் தெரியாது. நியூட்ரலிலும் அதே இடத்தில் வெட்டுகிறது என்றால் பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நியூட்ரலில் சுத்தமாக ஏறி, சாலையில் மட்டும் வெட்டினால் பெட்ரோல், எக்சோஸ், அல்லது சுமையில் தோற்றுப்போகிற பலவீனமான பொறி. ரொம்ப நேரம் ஏற்றிப் பிடிக்காதே, ஏறியதும் விட்டுவிடு.

அப்புறம் சோக் சோதனை. ஆள் நடமாட்டம் இல்லாத நேராக நீண்ட சாலையில், வெட்டுகிற அந்த நேரத்தில், சோக்கைப் பாதி வரை இழு. மினியில் இருக்கும் எஸ்யு கார்பரேட்டரில் சோக்கை இழுத்தால் ஜெட் கீழே இறங்கிக் கலவையில் பெட்ரோல் கூடும். இழுத்ததும் இன்ஜின் தெளிந்து முன்னே பாய்ந்தால் பெட்ரோல்தான் பற்றவில்லை. இன்னும் மோசமானால் ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். ஒரு மாற்றமும் இல்லாமல் அதே வெட்டு வெட்டினால் பொறி. காசு செலவில்லாத சோதனை இது, அரை நிமிடம்தான் ஆகும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முன் இரண்டு எளிய விஷயங்களை முடித்துவிடு. ஒருவரை உள்ளே உட்கார வைத்து ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதிக்கச் சொல்லிவிட்டு, நீ கார்பரேட்டரில் திராட்டில் கை கடைசி வரை போகிறதா என்று பார். கேபிள் இழுத்துப்போய், அல்லது புதிதாகப் போட்ட கார்ப்பெட் பெடலுக்கு அடியில் தடித்துக்கொண்டு, பாதி மட்டுமே திறக்கிற காடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்தது ஏர் ஃபில்டர் டப்பா. ஆறு வருடம் கொட்டகையில் நின்றது என்கிறாய். செம்பனைக்காட்டில் ஆந்தைக்கூண்டு எதற்காக நட்டு வைத்திருக்கிறார்கள் என்று உனக்கே தெரியும், எலிக்காகத்தான். லிந்தாங் சாலைப் பக்கம் லயத்துக்குப் பின்னால் நின்ற ஒரு மோரிஸ் மைனரின் ஃபில்டர் டப்பாவைத் திறந்தபோது, உள்ளே செம்பனைப் பழ நாரும் கிழிந்த பனியன் துணியும் பந்தாக அடைத்துக் கிடந்தன, நடுவில் எலி படுத்த குழி. ஐடிலில் அந்த வண்டி தங்கமாக நின்றது, ஏற்றினால் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு அடங்கியது. டப்பாவைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சரி, இப்போது டிஸ்ட்ரிபியூட்டர். கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், அப்போதுதான் எவ்வளவு வேலை அங்கே நடக்கிறது என்று புரியும். நான்கு சிலிண்டர், கிராங்க் இரண்டு தடவை சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு தடவை. 3,500 சுற்றில் அதற்குள் இருக்கும் பாயிண்ட் (காயிலுக்கான கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) நிமிடத்துக்கு 7,000 தடவை திறந்து மூட வேண்டும், 5,000 சுற்றில் 10,000 தடவை. பாயிண்ட் மூடியிருக்கிற நேரத்தில்தான் காயில் கரண்டால் நிறையும், திறக்கும்போது பொறி விழும். மேலே போகப் போக அந்த நேரம் குறைந்துகொண்டே போகும். மூட வேண்டிய பாயிண்ட் கொஞ்சம் தாமதமாக மூடினாலும், மூடிய வேகத்தில் துள்ளித் திறந்தாலும், காயில் அரைகுறையாக நிறைந்து பொறி தப்பிப்போகும். ஐடிலில் இது எதுவும் தெரியவே தெரியாது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டு மினிக்கும் இதே நோய் வந்தது. ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டோம், ஹெட்டைக் கழற்றி வால்வு தேய்த்து மாட்டிக் கொடுத்தார்கள், ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று, நோய் அப்படியே இருந்தது. தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் டிராக்டரும் லாரியும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். கிரில்லுக்குப் பின்னால் குனிந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார், உள்ளே சுழலும் ரோட்டாரை உருவினார், நகத்தால் பாயிண்ட்டின் அசையும் கையைத் தூக்கி விட்டார். 'டிக்' என்று சாத்த வேண்டிய அது மெதுவாக, தயங்கித் தயங்கிப் போய் ஒட்டியது. மறுபடி தூக்கி விட்டார், மறுபடி அதே. எங்கள் பக்கம் திரும்பி ஒன்றும் சொல்லவில்லை. பாயிண்ட்டைக் கழற்றி, அது மாட்டுகிற அச்சுக் குச்சியை நைசான எமரித் தாளால் நாலு சுற்றுத் தேய்த்து, துணியால் துடைத்து, தீக்குச்சி முனையில் ஒரு சொட்டு எண்ணெயை எடுத்துத் தொட்டு வைத்தார். திரும்ப மாட்டி நகத்தால் தூக்கி விட்டபோது 'டிக்' என்ற சத்தம் வீட்டு வாசல் வரை கேட்டது. அன்று மாலையே அப்பா ஈப்போ வரை ஓட்டிவிட்டு வந்தார்.

நீ பாயிண்ட் புதிது என்கிறாய். புதிது என்பதால் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதே. இப்போது கிடைக்கிற சில பாயிண்ட்டுகளில் ஸ்பிரிங் சொத்தை, சிலவற்றில் பிளாஸ்டிக் புஷ் அச்சில் இறுக்கமாக உட்காருகிறது. நீயும் அதே நகச் சோதனையைச் செய். சடாரென்று சாத்த வேண்டும், சந்தேகமே இருக்கக் கூடாது. அப்புறம் இடைவெளி. தண்டிலுள்ள கேம் மேட்டின் உச்சியில் பாயிண்ட்டின் குதிகால் நிற்கும்போது பீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் தகடு) 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். இடைவெளி அதிகமாக வைத்துவிட்டால் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் குறைந்து, மேல் சுற்றில் வெட்டும். பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் டுவெல் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: பழைய லூக்காஸ் 25டி டிஸ்ட்ரிபியூட்டருக்கு 60 டிகிரி, பின்னால் வந்த 45டிக்கு 51.

மூடி திறந்திருக்கும்போதே ரோட்டார் உட்காரும் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். நன்றாக ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, நீ எவ்வளவு துல்லியமாக இடைவெளி வைத்தாலும் சுற்றும்போது அது மாறிக்கொண்டே இருக்கும். ரோட்டாரை மாட்டிவிட்டு இடப்பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிராக, லேசாகத் திருகி விடு. கொஞ்சம் போய், விட்டதும் ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே இருக்கிற, சுற்று ஏற ஏற டைமிங்கை முன்னே தள்ளும் எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டன. ஆறு வருடம் நின்ற வண்டியில் இதற்கு நிறைய வாய்ப்பு. ஆனால் எடைகள் மட்டும் ஒட்டியிருந்தால் வெட்டாது, முன்னே சொன்ன ஈரத்துணி மாதிரிக் கனத்துப்போய் இன்ஜின் சூடேறும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், அதனால் எப்படியும் பார்த்துவிடு.

இன்னொரு இடம், பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்குப் போகும் சின்ன எர்த் வயர். இரண்டு அங்குலம்கூட இருக்காது. வேக்குவம் (இன்ஜினின் உறிஞ்சல்) டைமிங்கை மாற்ற ஒவ்வொரு தடவையும் தட்டை இழுக்கும்போது இந்த வயர் மடங்கி நிமிரும், வருடக்கணக்கில் மடங்கி உள்ளே செம்பு அறுந்து, மேல் உறை மட்டும் முழுசாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. விரலால் மெல்ல இழுத்துப் பார், ரப்பர்போல் நீண்டால் உள்ளே அறுந்துவிட்டது. வேக்குவம் பைப்பைக் கழற்றி அடைத்துவிட்டு ஓட்டும்போது வெட்டு மறைந்தாலும் இந்த வயர்மேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

காயில் மாற்றியிருக்கிறாய், அதனால் இதையும் கேட்கிறேன்: எந்தக் காயில்? சாதாரண 12 வோல்ட் காயிலின் உள்சுருள் ஏறக்குறைய 3 ஓம் காட்டும், பாலாஸ்ட் (வோல்ட்டைக் குறைக்கும் மின்தடை வயர்) உள்ள வண்டிக்கான காயில் 1.5 ஓம். பாலாஸ்ட் வயர் போட்டு வந்த வண்டியில் சாதாரணக் காயிலை மாட்டினால் காயிலுக்கு முழு வோல்ட் போய்ச் சேராது, கீழே ஓடும், மேலே வெட்டும். சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் காயிலின் பிளஸ் முனையில் மீட்டர் வைத்துப் பார். 3 ஓம் காயில் என்றால் பேட்டரி வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 8 வோல்ட் அளவுக்குத்தான் காட்டினால் கதை அதுதான். வோல்ட் பார்த்ததும் சாவியை எடுத்துவிடு, பாயிண்ட் மூடிய நிலையில் ரொம்ப நேரம் சாவி போட்டு வைத்தால் காயில் கொதிக்கும்.

இத்தனைக்கும் ஒரே தீர்ப்புச் சொல்லக்கூடிய கருவி டைமிங் லைட், ஒவ்வொரு பொறிக்கும் ஒரு தடவை மின்னும் விளக்கு. அதன் கிளிப்பைக் காயிலிலிருந்து வரும் நடு வயரில் மாட்டி, நியூட்ரலில் சுற்றை ஏற்று. இன்ஜின் வெட்டுகிற அந்தக் கணத்தில் வெளிச்சமும் விட்டு விட்டு அடித்தால் பொறி தப்புகிறது, வேறு எங்கும் தேட வேண்டாம். இன்ஜின் வெட்டும்போதும் வெளிச்சம் சீராக அடித்துக்கொண்டே இருந்தால், அதே கிளிப்பை ஒவ்வொரு பிளக் வயரிலும் மாற்றி மாற்றி மாட்டிப் பார். நடு வயரில் சீர், பிளக் வயரில் வெட்டு என்றால் ரோட்டாரோ மூடியோ கசிகிறது. எல்லாவற்றிலும் சீர் என்றால் பொறிமேல் குற்றமில்லை, பெட்ரோல் பக்கம் போ. வேக்குவம் பைப்பைக் கழற்றி அடைத்துவிட்டு, கிளிப்பை முதல் பிளக் வயரில் மாட்டி, அதே லைட்டை இன்ஜின் கப்பியிலுள்ள டைமிங் குறியில் அடித்தால் எடைகள் வேலை செய்கின்றனவா என்பதும் தெரியும். சுற்று ஏற ஏறக் குறி சீராக நகர்ந்துபோய் 30 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஓர் இடத்தில் நில்லாமல் முன்னும் பின்னும் துள்ளினால் புஷ் தேய்ந்திருக்கலாம்.

பெட்ரோல் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன், உன் அறிகுறிக்கு அது இரண்டாம் இடம்தான். டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார், காற்று ஓட்டை அடைத்திருந்தால் உடனே தெரியும். கார்பரேட்டருக்கு வருகிற பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, காயில் வயரை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்று, திறந்தவெளியில், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்காமல். குமிழி இல்லாமல் தடித்துத் தடித்து வர வேண்டும். நின்ற வண்டியின் டேங்கில் துரு இருக்கும், பெட்ரோல் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் சிவந்த சேறு தெரியும்.

கார்பரேட்டரைக் கழுவியது யார் என்று தெரியவில்லை, ஆனால் எஸ்யுவில் ஒன்றை எப்போதும் சரிபார்க்க வேண்டும். மேலே இருக்கிற மணி மாதிரியான கூடும் உள்ளே இருக்கும் பிஸ்டனும் ஜோடி, ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துச் சேர்த்தவை. கழற்றும்போது குறி போடாமல் கூட்டைத் திருப்பி மாட்டினால் பிஸ்டன் எங்காவது உரசும். எண்ணெய்த் தண்டை எடுத்துவிட்டு, ஃபில்டர் பக்கத்திலிருந்து விரலால் பிஸ்டனை மேலே தூக்கி விடு. தடையில்லாமல் ஏறி, விட்டதும் 'டொக்' என்று விழ வேண்டும். பாதியில் நின்றால் மேல் சுற்றுக்குத் தேவையான காற்று வழியே திறக்கவில்லை என்று அர்த்தம். எண்ணெய்த் தண்டில் 20 நம்பர் எண்ணெய் போதும். கியர் எண்ணெய் ஊற்றியிருந்தால் உறிஞ்சி எடுத்துவிடு, மிதித்ததும் தயங்குவது அதனாலும் வரும்.

எக்சோஸுக்கும் ஒரு வரி. மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கிற இணைப்பைத் தளர்த்திவிட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார், சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் வண்டி பாய்ந்தால் சைலன்சர் உள்ளே சரிந்துவிட்டது. வால்வு ஸ்பிரிங் என்று யாராவது சொன்னால் கடைசியில் வை. நல்ல நிலையில் இருக்கும் சாதாரண ஸ்பிரிங் 3,500இல் தோற்காது. வால்வு இடைவெளி மட்டும் ஆறிய இன்ஜினில் 0.012 அங்குலம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்றும் கேட்டிருந்தாய். போடலாம், பாயிண்ட் துள்ளுகிற பிரச்சினையே இருக்காது. ஆனால் துருப்பிடித்த எடைகளை அது சரிசெய்யாது, தவறான காயிலையும் சரிசெய்யாது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் போடு, இல்லையென்றால் அதுவும் மாற்றியும் பயனில்லாத சாமான் வரிசையில் சேர்ந்துவிடும்.

நியூட்ரல் சோதனையையும் சோக் சோதனையையும் செய்துவிட்டு என்ன நடந்தது என்று எழுது. உன்னிடம் டைமிங் லைட் இல்லையென்றால் சனிக்கிழமை காலையில் காடியை எங்கள் வீட்டுக்குக் கொண்டு வா, என்னிடம் இருக்கிறது. வரும்போது நீ கழற்றிப் போட்ட பழைய பாயிண்ட்டையும் எடுத்துக்கொண்டு வா. தாத்தா காலத்து லூக்காஸ் என்றால், முனையைத் தேய்த்துச் சமன்செய்து அதையே மாட்டிப் பார்க்கலாம்.